வைக்கோல் கன்றும் உன் டிராகனும்

கல்லிடைக்குறிச்சி,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் ஆச்சியும் சௌக்கியம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றுப் பாவ ஆரம்பித்துவிட்டார்கள்.

புதன்கிழமை ராத்திரி நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. உன் குரல் கம்மியிருந்தது. ‘எப்பா, அதுக்கு மனசுன்னு ஒண்ணு உண்டா இல்லையா?’ என்று கேட்டாய். ‘பொம்மைக்கு ஏதும்மா மனசு, சாப்பிட்டுப் படு’ என்று சொல்லிவிட்டேன். நீ ‘சரிப்பா’ என்று வைத்துவிட்டாய். அந்த ‘சரிப்பா’ நாலு நாளாக எனக்குள் கிடந்து உறுத்துகிறது. போனில் பேசினால் மறுபடியும் பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நீ சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் திரும்பச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. நீங்கள் கம்பெனியில் செய்கிற கம்ப்யூட்டர் விளையாட்டில் மலைக்குகையில் ஒரு டிராகன். குகைக்குள் முட்டைகள். ஆள் வந்து அடிக்க அடிக்க அதன் உயிர் குறைகிறது. கால்வாசிக்குக் கீழே போனதும் சண்டையை விட்டுவிட்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு குகைப் பக்கம் போகிறது. போகும்போது ஒரு முனகல். அந்த நடையையும் முனகலையும் செய்தது நீ. மூன்று மாத வேலை. சோதனைக்காக விளையாடிப் பார்த்தவர்களில் சிலர் அந்த இடத்தில் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார்கள். அதனால் உன் மேலாளர் முனகலை எடு, நொண்டுவதை எடு என்கிறார். ‘கொல்றதுக்குத்தானே அதை வச்சிருக்கோம், அதுக்கென்ன மனசா இருக்கு’ என்று கேட்டிருக்கிறார்.

உன் கம்ப்யூட்டருக்குள் வலி இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பொங்கலுக்கு வந்திருந்தபோது தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு மரம் வரைந்து காட்டினாயே, நடத்தை மரம் என்று. ஆள் தூரத்தில் நின்றால் நெருப்பு, பக்கத்தில் வந்தால் வால், உயிர் கால்வாசிக்குக் கீழே இறங்கினால் குகை. எண் குறைகிறது, கிளை மாறுகிறது. அந்த மரத்தின் எந்தக் கிளையிலும் வலி என்று ஒன்று உட்கார இடமில்லை. மாட்டுக்கு அப்படி இல்லை. கால்நடை ஆய்வாளராக முப்பத்து மூன்று வருஷம் தொழுவுக்குத் தொழு போய் நின்றவன் நான். வயிறு உப்பிய மாடு பின்னங்காலால் தன் வயிற்றையே உதைத்துக்கொள்ளும். வலி கூடினால் பல்லை நறநறவென்று கடிக்கும். முதுகு வளையும், மூக்கு காயும், அசை போடுவது நின்றுபோகும். ஆனால் வெளியாள் ஒருவன் தொழுவுக்குள் கால் வைத்தால் முடிந்தவரை அதை மறைக்கப் பார்க்கும். நொண்டுகிறது என்று தெரிந்தால் புலி முதலில் அதைத்தான் பிடிக்கும் என்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. நான் படித்த படிப்பைவிட அந்த மறைக்கிற வித்தைதான் மாட்டுக்கு மனசு உண்டு என்று எனக்குக் காட்டியது. வலியைக் காட்டுவதை ஒரு பொம்மைக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம். மறைக்க வேண்டும் என்றால் உள்ளே ஒருத்தி இருக்க வேண்டும்.

இப்போது உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முந்தைய வருஷம். சேரன்மகாதேவிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு அக்கா, ஒரே மாடு. தலையீற்று. நாலாம் நாள் கன்று கழிச்சலில் போய்விட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாடு மடியை இறுக்கிக்கொண்டு பால் விட மறுத்தது. அந்த வீட்டுக்கு அந்தப் பால்தான் அரிசி. அப்போதெல்லாம் ஊரில் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியாது. கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்து, நாலு குச்சியைக் காலாக வைத்து நிறுத்துவார்கள். அதை மாட்டின் முகத்துக்கு நேரே கொண்டுவந்து வைத்தார்கள். மாடு மூக்கை நீட்டி மோந்தது. அப்புறம் நாக்கை நீட்டிக் கழுத்திலிருந்து தலைவரை நக்க ஆரம்பித்தது. நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், மடி நிறைந்து காம்பில் தானாகச் சொட்டுகிறது.

தோலில் உப்பு இருந்தது, உப்புக்காக நக்கியது என்று யாராவது சொல்லலாம். ஆனால் உப்புக்கு மடி சுரக்காது. மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்கிற சுரப்பு இறங்கினால்தான் மடி பாலை விடும். பயந்த மாட்டுக்கு அது இறங்காது. தன் கன்று பக்கத்தில் நிற்கிறது என்று அந்த மாடு நம்பியதால்தான் பால் வந்தது. வைக்கோலுக்கு மனசு இல்லை. நக்கிய நாக்குக்கு இருந்தது.

அந்த அக்கா மூன்று காம்பைக் கறந்துவிட்டு ஒன்றைக் கறக்காமல் விடுவாள். ‘அது கன்னு பங்கு சார்’ என்றாள். அப்படி விட்டால் மடிநோய் வரும், ஒட்டக் கறந்துவிடு என்று கோபப்பட்டேன். மறுநாளிலிருந்து கறந்தாள், ஆனால் அந்த ஒரு காம்புப் பாலை மட்டும் தனியாக ஒரு செம்பில் பிடித்துத் தொழு வாசலில் ஊற்றினாள். ஒரு சொட்டுக்கும் கணக்குப் பார்க்கிற வீடு அது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மாட்டை ஏமாற்றித்தான் கறக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து செய்தாள், தெரிந்ததற்கு ஒரு பங்கு வைத்தாள்.

உன் டிராகன் வைக்கோல் கன்றுதான் தாயி. நீங்கள் எல்லாரும் சேர்ந்து திணித்த வைக்கோல். ஆனால் கண்ட்ரோலரைக் கீழே வைத்தார்களே, அவர்களுக்குள் சுரந்தது நிஜம். உன் மேலாளர் கேட்ட கேள்வி வைக்கோலைப் பற்றியது. நீங்கள் பார்க்க வேண்டியது அந்தச் சுரப்பை என்ன செய்யப்போகிறோம் என்பதை.

இது பாதிதான். மற்றப் பாதி கதைக்குள் இருக்கிறது. கதைக்குள் டிராகனுக்கு மனசு இருக்கிறது என்று சொன்னது யார்? விளையாட்டைச் செய்தவர்களே சொல்லிவிட்டார்கள். நீ கல்லூரியில் படிக்கும்போது லீவுக்கு வந்தால் யாரிடமோ லேப்டாப் வாங்கிக்கொண்டு வந்து ஸ்கைரிம் விளையாடுவாய். 2011இல் வந்தது. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்ப்பேன், நீ கதை சொல்லிக்கொண்டே ஆடுவாய். அதில் முதலில் கொல்கிற டிராகன் சாகும்போது அலறும். தன்னைக் கொன்றவன் சாதாரண ஆள் இல்லை, ஆன்மாவையே உறிஞ்சிக்கொள்கிறவன், இனி யாரும் தன்னைத் திரும்ப எழுப்ப முடியாது என்று அந்த நொடியில் அதற்குப் புரிந்துவிடும். நாளை என்று ஒன்று உண்டு, அதில் தான் இருக்கமாட்டோம் என்று அறிந்தால்தான் அப்படி அலற முடியும். அந்த டிராகன்கள் கக்குகிற நெருப்பே ஒரு சொல் என்று சொன்னாய். அவை ஒன்றோடொன்று மோதுவதும் வாதாடுவதும் அவற்றுக்கு ஒன்றுதானாம். நாம் சண்டை என்று நினைப்பது அதற்குப் பேச்சு. இதை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலை உச்சியில் கிழட்டு டிராகன் ஒன்று இருந்ததே, பார்தர்னாக்ஸ். ஒரு காலத்தில் கொடுமைக்காரத் தலைவனுக்குத் துணை நின்று, அப்புறம் அவனை விட்டு விலகி, மனிதர்களுக்கே அந்தச் சொல்வித்தையைக் கற்றுக்கொடுத்தது. தன் பிறவிக் குணத்தைத் தினமும் அடக்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும். பழைய பாவத்துக்காக அதைக் கொன்றால்தான் இனி உதவுவோம் என்று ஒரு கூட்டம் உன்னிடம் சொல்லும். நீ அன்றைக்கு அதன் முன்னால் போய் நின்றாய். அது உன்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தது. நீ வாளை உருவவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாய். உனக்குப் பத்தொன்பது வயது. பிள்ளை நல்லாத்தான் வளர்ந்திருக்கு என்று அன்றைக்கு உங்கம்மாவிடம் சொன்னேன்.

இதற்கெல்லாம் மூத்தது 1974இல் அமெரிக்காவில் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பதும் நீ சொல்லித்தான் தெரியும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்று இரண்டு பேர் செய்தது. தாளும் பகடையும் வைத்து வாயால் ஆடுகிற ஆட்டம். அதில் டிராகனின் நிறமே அதன் குணம். சிவப்பு, கறுப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்றால் கெட்டது. தங்கம், வெள்ளி, வெண்கலம் போன்ற உலோக நிறம் என்றால் நல்லது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவே இல்லை. தோல் நிறத்தைப் பார்த்துப் பிறவியிலேயே கெட்டது என்று எழுதிவைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைவிட ஒன்று: பழைய விதிப்படி டிராகனைக் கொல்லாமல் அடித்து அடக்கி விலைக்கு விற்கலாமாம். அதே விதியில் அவற்றில் சில பேசவும் செய்யும், மந்திரமும் சொல்லும். பேசுகிற ஒன்றை விற்பதா? மேலப்பாளையம் சந்தையில் பேசாத மாட்டை விற்கிறவனே தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, வாங்குகிறவன் கயிற்றைப் போடச் சொல்வான். கடைசியாக ஒரு தட்டு முதுகில் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவான்.

மான்ஸ்டர் ஹண்டர் பற்றி எனக்கு இரண்டு எண்ணம். 2004இல் தொடங்கிய, ராட்சத மிருகங்களை வேட்டையாடுகிற விளையாட்டு. அதில் எதிரியின் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற கோடு கிடையாது, அதன் உடம்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாய். எச்சில் ஒழுகுகிறதா, களைத்திருக்கிறதா, காலை இழுக்கிறதா. நான் தொழுவில் செய்த வேலை அது. அந்த மட்டில் நேர்மையான விளையாட்டு. ஆனால் அடிபட்டது நொண்டிக்கொண்டு தன் இருப்பிடத்துக்குப் போய்த் தூங்கும், அப்போது பக்கத்தில் வெடிப்பீப்பாயை வைத்து வெடிப்பார்கள் என்று நீ சொன்னபோது எழுந்து வெளியே போய்விட்டேன். உனக்கு ஞாபகம் இருக்காது.

டிராகன் பல்லி ஜாதி, அதற்கெல்லாம் பாசம் வராது என்று உங்களில் யாரோ சொன்னார்களாம். இதற்கு மட்டும் நான் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். மலைப்பாம்பு முட்டையிட்டால் சுற்றி வளைத்து மேலே தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். குளிர் கூடினால் தசையைத் துடிக்கவைத்து அதில் வருகிற சூட்டை முட்டைக்குக் கொடுக்கும். ராஜநாகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் இருப்பது; பெண் பாம்பு சருகை உடம்பாலேயே கூட்டிக் குவித்துக் கூடு கட்டி, அதன்மேல் காவல் இருக்கும். முதலை, முட்டைக்குள்ளிருந்து குஞ்சு கத்துவதைக் கேட்டு மண்ணைத் தோண்டி, மாட்டையே கவ்வி இழுக்கிற அதே வாயில் குஞ்சுகளை அள்ளித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். அதற்குள் என்ன ஓடுகிறது என்று அந்த முதலைக்குத்தான் தெரியும். ஆனால் பாசம் வராத ஜாதி என்று சொல்கிறவர்கள் இதைப் பார்க்காதவர்கள். முட்டையோடு ஒரு டிராகனை வைத்துவிட்டு அதற்கு மனசில்லை என்று சொல்வது நீங்களே எழுதியதை நீங்களே அழிப்பது.

பயங்கரமானதாக இருந்தால் மனசு இருக்காது என்று எந்த ஊரில் சொன்னாலும் நம் ஊரில் சொல்ல முடியாது. பாபநாசம் மலையடிவாரத்தில் சிறுத்தை இறங்கி ஆட்டைத் தூக்கும்போது, செத்த ஆட்டைப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆட்டைப் பறிகொடுத்தவர்கள் வயிறெரிந்து வாயில் வந்ததையெல்லாம் சொல்லுவார்கள். அப்புறம் அவர்களிலேயே ஒரு பெரியவர், ‘குட்டி போட்டிருக்கும்டே, பசி’ என்பார்.

சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவை நினைத்துப் பார். நம் சாமியை உன் டிராகனோடு சேர்த்துப் பேசவில்லை, அப்படி எடுத்துக்கொள்ளாதே. கதை சொல்கிற முறையைச் சொல்கிறேன். வில்லுப்பாட்டுக்காரர் வீசுகோலால் வில்லைத் தட்டி, விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை ராத்திரி சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்ற கதையைச் சொல்லும்போது நீ என் மடியில் ஒடுங்கிக்கொள்வாய். ஆனால் கைலாசத்தில் இனி இடமில்லை என்று அந்தப் பிள்ளையை அனுப்புகிற இடம் வந்ததும் குடம் அடிப்பவர் கை மெதுவாகும், ஆச்சி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பாள். பிணம் தின்றதை மறைத்துப் பாடவில்லை. பசியையும், தள்ளிவிடப்பட்டதையும் சேர்த்துப் பாடினார்கள். பயமும் போகவில்லை, பாசமும் வந்தது. அப்புறம்தான் படையல்.

கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போனபோது உனக்கு ஆறு வயது இருக்கும். எல்லாரும் கர்ணன் சிலையையும் குறவன் குறத்தியையும் பார்க்கப் போய்விட்டார்கள், நீ யாளித் தூண் பக்கத்திலேயே நின்றாய். பிதுங்கிய கண், விரிந்த வாய், தூக்கிய முன்னங்கால். ‘எப்பா, இது கோவமா இருக்கா, அழுதா?’ என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் உன்னைத் தூக்கி அதன் கன்னத்தைத் தொடவைத்தேன். நாயக்கர் காலத்துச் சிற்பி அந்தக் கண்ணில் இரண்டையும் வைத்திருக்கிறான். புதன்கிழமை நீ கேட்டதும் அதே கேள்விதான் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். மேலாளரோடு சண்டை போடாதே. அவருக்கும் மேலே ஆள் இருக்கும், விற்க வேண்டிய நெருக்கடி இருக்கும். முனகலை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடு. முனகல் எனக்கும் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. உண்மையான பிராணி அவ்வளவு முனகாது. நொண்டுவதை மட்டும் முழுசாக எடுக்காதே. ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது நேராக நடக்கட்டும். அவன் திரும்பினாலோ மறைந்தாலோ அப்போது நொண்டட்டும். கவனிக்காதவன் அடித்துவிட்டுப் போகட்டும். கவனித்தவனுக்கு அது தன்னிடம் மறைத்தது தெரியும். மறைக்கிற கிளை ஒன்றை உன் மரத்தில் ஒட்ட முடியுமா என்று பார். அப்புறம், கொல்லாமல் திரும்பிப் போகிறவனுக்கும் அந்தக் குகையிலிருந்து ஒரு வழி விடுங்கள். ஒரே வழிதான் என்றால் அழவைத்துக் கறப்பதுபோல ஆகிவிடும். பங்கு வைக்காத கறவை அது.

இன்னொன்று, நான் பார்த்தது. மாட்டுக்கு உயிர் அடங்கும்போது முதலில் கால் விறைக்கும், கண் நிலைத்துவிடும், மூச்சு தூரம் தூரமாக வரும். கடைசிவரை அசைவது காதுதான். சேரன்மகாதேவி மாடும் சில வருஷம் கழித்து என் கையில்தான் போனது. எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று நினைத்து எழுந்தேன். பக்கத்து வீட்டுத் தொழுவில் யாருடைய கன்றோ ஒன்று கத்தியது. இதன் காது அந்தப் பக்கம் திரும்பியது.

உன் டிராகனுக்குக் காது வரைந்திருக்கிறாயா? போனில் கேட்க விட்டுப்போயிற்று. எழுது.

அன்புடன்,
அப்பா